இடது கன்னத்தில் இருபத்து மூன்று குழிகள்

குவைத்தில் வீட்டு வேலை செய்த அக்கா லீவில் எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, எனக்கென்று முகத்தில் உருட்டும் ஒரு சின்ன உருளை கொண்டுவந்தாள். ஊதா நிறக் கைப்பிடி. உருளையைச் சுற்றிலும் மயிரிழை போன்ற ஊசிகள்.

அம்மா எட்டிப் பார்த்தார். "மலையில மண்ணுல முள்ளு குத்துறது பத்தாதுன்னு மொகத்துலயும் குத்தப் போறியாடி?"

"எங்க மேடம் குத்திக்கிறாங்கம்மா. பரு வந்த குழியெல்லாம் மேவிருச்சு," என்றாள் அக்கா.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அதற்கு முந்தைய வருடம் பதுளை ஸ்டூடியோக்காரர் என் படத்தில் பருக்குழிகளை அழித்துக் கொடுத்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்து லுணுகலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், என் முகத்தைக் கண்டதும் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அதற்குப் பின் யாருக்கும் படம் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. அழிக்காத படம் ஒன்றைத் துணிந்து கொடுக்கும் அளவுக்கு முகம் தேற வேண்டும். அக்கா உருளை கொண்டுவந்தது 2009இல்.

உருளைப் பெட்டியிலிருந்த தாள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அக்காவுக்கு அரபி பேச வரும், வாசிக்க வராது. அகராதியை வைத்து நான் ஆங்கிலத்தை வாசித்தேன். ஊசி நீளம் அரை மில்லிமீற்றர். உருட்டும் முன் உருளையை ஸ்பிரிட்டில் ஊறவைக்க வேண்டும். பழுத்த பரு மேல் உருட்டக் கூடாது. மாதம் ஒரு முறை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, எங்கள் லயத்து வீட்டு ஜன்னலின் பக்க வெளிச்சத்தில் குழிகளை எண்ணினேன். இடது கன்னத்தில் இருபத்து மூன்று. அக்கா உருட்டினாள். மணல் தாளால் தேய்ப்பது போன்ற சத்தம். முகம் செந்தூரமாகச் சிவந்தது.

மூன்றாம் நாள் சிவப்பு வடிந்ததும் கன்னம் மினுமினுத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளை மறந்து நான்காம் நாளே நானாக அழுத்தி உருட்டினேன். போதாததற்கு மஞ்சளில் தேசிக்காய்ச் சாறும் பிழிந்து அப்பினேன். ஐயோ, அந்த எரிச்சல்! முகம் வீங்கி, ஒரு வாரம் மஞ்சள் பூசணியாக உட்கார்ந்திருந்தேன்.

"அவசரக் குடுக்க! மேடம் கூட மாசக்கணக்கா காத்திருந்தாங்கடி," என்று அக்கா திட்டினாள்.

இரண்டு மாதம் தொடவில்லை. பிறகு ஒழுங்காக மாதம் ஒரு முறை. ஏழாவது முறைக்குப் பின் எண்ணினேன்: ஒன்பது. சந்தேகத்தில் மறுபடி எண்ணினேன். ஒன்பதேதான்! ஆழமானவை மட்டும் அசையவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே பதுளைக்கு ஓடினேன்.

"மிச்சத்த கம்ப்யூட்டர்ல அழிச்சிரட்டா, தங்கச்சி?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"தொடாதீங்க அண்ணே."

"பொறவு என் கடைப் படம்னு வெளிய சொல்லிராதீங்க."

படம் கைக்கு வந்ததும் கடைவீதியில் கல்யாணத் தரகரைத் தேடிப் பிடித்தேன். அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கன்னத்துல கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"ஆமாங்க. அதையும் பாத்துட்டே வரட்டும்," என்றேன்.