சனிக்கிழமை ஆறரை மணிப் பூப்பந்து

டம் டம் டம் என்று மூன்று முரசடி, அதன் பின்னால் நீண்ட ஒரு விசில். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை ஆனால் ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடியின் எல்லா வீட்டுத் தொலைக்காட்சிகளிலிருந்தும் அந்தச் சத்தம் ஒன்றாகக் கிளம்பிக் கீழே கார் நிறுத்துமிடம் வரை கேட்கும். அங்கே பூப்பந்து ஆடிக்கொண்டிருக்கும் நாங்கள், மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை அத்தனை பேரும், மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டு மாடியும் படியேறி ஓடுவோம். "லிஃப்ட்" வரும்வரை நிற்க யாருக்குப் பொறுமை!

அது ஒரு ஜப்பான் கார்ட்டூன், இரட்டையர் பூப்பந்து ஆடும் இரண்டு பள்ளிக்கூடப் பெண்களின் கதை. ஜப்பான் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் கதாநாயகிக்கு நாங்களே "குட்டைமுடி" என்று பெயர் வைத்திருந்தோம். அவள் "ஸ்மாஷ்" அடிக்கக் கையைத் தூக்கினால் போதும், பந்து இறங்குவதற்குள் அவள் அப்பா வீட்டைவிட்டுப் போன கதை முழுவதும் ஓடிவிடும். வாரத்தில் மூன்று நாள் அப்பா வீடு, நான்கு நாள் அம்மா வீடு, மட்டைப் பைக்குள் இரண்டு வீட்டுச் சாவியும் கிடக்கும். ஐயோ, அந்தப் பந்து எப்போது இறங்கும் என்று ஒரு வாரம் முழுக்க நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன்!

மற்றவர்களுக்கு அது கதை; எனக்கு அது வீட்டுச் சங்கதி. மாமா கல்யாணத்துக்கு "ஷிஃப்ட் மாத்த முடியாது" என்று அப்பா வராமல் இருந்துவிட்டார். அம்மா பிறந்து வளர்ந்த பைராம் தோட்டத்து உறவுக்காரர்கள் வரிசையாக வந்து "எங்க உன் வீட்டுக்காரர்?" என்று கேட்டதில் அம்மா முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒரே கூடத்தில் இருந்துகொண்டே, "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா, "பசிக்கலன்னு சொல்லு" என்பார் அப்பா, நடுவில் நான். பள்ளி விடுமுறை விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்கே போய்விடுவதாக அம்மா சொல்லிவிட்டார். கட்டிலுக்கடியில் துணி அடுக்கிய பை தயாராக இருந்தது. எனக்கும் இரண்டு சாவி வந்துவிடும் என்று பயந்து செத்தேன்.

அப்படிப்பட்ட நாளிலும் அந்தக் கார்ட்டூனை அம்மா விடமாட்டார். ஆனால் திரைக்கு அடியில் ஓடும் மலாய் எழுத்தை அவரால் எட்டிப் பிடிக்க முடியாது, ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்பார். நான் சொன்னதுதான் கதை.

விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை. இறுதி ஆட்டம், கடைசி செட். பார்வையாளர் வரிசையின் இரண்டு கோடியிலும் அவள் அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். குட்டைமுடி அண்ணாந்து அவர்களைப் பார்த்து உயிரே போவதுபோல் கத்துகிறாள். படம் அப்படியே உறைந்து நிற்கிறது. அடியில் மூன்றே சொல்: "சத்து மாத்தா லாகி!" இன்னும் ஒரு புள்ளி என்று அர்த்தம்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தைரியம். "'நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்குங்க, நான் இனிமே நடுவுல நின்னு சொல்ல மாட்டேன், எனக்கு மூச்சு முட்டுது'ன்னு சொல்றாம்மா" என்றேன்.

"இவ்வளவுமா சொன்னா?"

"ஜப்பான்காரங்க வேகமா பேசுவாங்கம்மா."

அப்போதுதான் பின்னால் மேசைமேல் "ஹெல்மெட்" வைக்கும் சத்தம் கேட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து அப்பா வந்து நின்றிருந்தார். மலாய்ப் பத்திரிகையைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிற மனிதர்! அந்த மூன்று சொல்லும் இன்னும் திரையிலேயே நின்றன. அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமா சாந்தி, அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்.

நாற்பது நாளில் அம்மாவிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அம்மா திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, "கால் கழுவிட்டு வாங்க, டீ போடுறேன்" என்றார். பந்து இறங்கியது, குட்டைமுடி ஜெயித்தாள், நான் நாற்காலிமேல் ஏறிக் குதித்த குதியில் கீழ்வீட்டு அக்கா மேலே வந்துவிட்டார்! அந்த விடுமுறைக்குத் தோட்டத்துக்கு மூன்று பேருமாகத்தான் போனோம்.

இப்போது அந்த எட்டாவது மாடியில் ஆறரை மணி முரசு கிடையாது. பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பேசியோடு, காதை அடைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். போன மாதம் அந்தக் கார்ட்டூன் இணையத்தில் கிடைத்ததும் துள்ளிக் குதித்து, அம்மா அப்பா வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டேன். என் மகள்தான் எழுத்தைப் படித்துச் சொன்னாள். குட்டைமுடி அண்ணாந்து கத்தினாள்.

"'இன்னும் ஒரு பாயிண்ட்'னு போட்டிருக்கு" என்றாள் மகள்.

"ஒழுங்கா படி. அங்க அவ அப்பா அம்மாவப் பார்த்துப் பேசுவா" என்றார் அம்மா. நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே, "புதுசுல அத வெட்டிட்டாங்க சாந்தி" என்றார்.

"அநியாயம்லா! அந்த இடத்துக்காகத்தானே உட்கார்ந்திருந்தேன்."