பேதி என்று சொல்லிவிட்டேன்

கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று இரண்டு குழந்தைகளோடு போகத் திட்டமிட்டோம். பயணத்துக்கு முன் எங்கள் ஊரான ஸ்ரீவராகத்தில் வீட்டு வழக்கப்படி அவர்களுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தேன். வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் வழக்கத்தைக் கைவிடவும் பயம்.

கப்பலேறும் முன் சோதனை முகாமில் டாக்டர், சோர்ந்திருந்த நான்கு வயது லலிதாவுக்கு என்ன உடம்பு என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லை டாக்டர், நேத்திக்குப் பேதியாச்சு, அவ்வளவுதான்."

எங்கள் வீட்டில் பேதி என்றால் எண்ணெய் குடித்த பலன். அவருக்கு அது காலரா. பிறகு நான் எண்ணெயைச் சொல்லிக் கதறியும் அவர் நம்பவில்லை.

"அம்மா, சமத்தா இருக்கேன், விட்டுட்டுப் போகாதே" என்றவளைக் காலராக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே அவளுக்கு அடுத்த பாயில் கிடந்த குழந்தை இறந்தது. லலிதா நோயின்றித் திரும்பினாள். பயணத்தை விட்டு ஊருக்கு வந்துவிட்டோம்.

இப்போது பயணத்துக்கு முன் குழந்தைகளுக்கு எண்ணெய் கொடுப்பதில்லை. எந்த டாக்டரிடமும் கொடுத்த மருந்தின் பெயரையே முதலில் சொல்கிறேன். லலிதா இன்னும் என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறாள்.