கமிட்டியில் பாஸான டிஸ்க்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் பிழைப்பு. ஒருநாள் எங்கள் சர்ச்சின் சபைச் செயலாளர் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டுவந்தார். பாடகர் குழுவின் பாட்டுகளும் பிரதிஷ்டைப் பண்டிகை வீடியோக்களும் அதில்தான் இருந்தன. திறக்க நேரமாகிறதாம். டெஸ்ட் போட்டேன். திரையில் ஏழு என்ற பிழை எண் வந்தது. டிஸ்க்கில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை, சீக்கிரம் மண்டையைப் போட்டுவிடும் என்று பொருள்.

“இன்னைக்கே வேற டிஸ்க்குல காப்பி எடுத்திருங்க,” என்றேன்.

“கமிட்டில வச்சுட்டுச் சொல்லுகேன்,” என்றார். எங்கள் சபையில் கமிட்டி கூடாமல் ஒரு பல்புகூட மாறாது.

விளக்கம் சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள். போய்ச் சொன்னேன். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார்.

“பைபிள்ல ஏழு பரிபூரணத்துக்க எண்ணாக்கும். அதுல என்ன வே குத்தம்?”

இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. டிஸ்க்கைச் செய்த கம்பெனிக்காரனுக்கும் தோன்றியிருக்காது. டிஸ்க் நல்ல நிலையில் இருப்பதாகப் பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. பாவம், டிஸ்க்குக்கு ஓட்டு இல்லை.

அடுத்த பண்டிகைக்கு முன்பே அது கடகடவென்று சத்தம் போட்டு அடங்கிவிட்டது. செயலாளர் புது டிஸ்க்கோடு வந்தார். மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது என்று மகிழ்ந்து, அதை டெஸ்டுக்கு மாட்டப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்கு டெஸ்ட் ஒண்ணும் போடாண்டாம் வே. நீரு டெஸ்ட் போட்டதுலதான் மத்தது போச்சுன்னு கமிட்டில முடிவாயிருக்கு.”