குறை சொல்றதா நினைக்காதீங்க

அலுவலகத்தில் அவளுக்கு நன்றியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பத்தொன்பது வருஷமாக அதே ஜன்னலோரம், அதே நாற்காலி, மேசைமேல் இரண்டு தட்டு. ஒன்றில் 'புகார்' என்று ஒட்டியிருக்கும், மற்றதில் 'கருத்து' என்று.

காட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் கம்பெனிகளுக்குப் பச்சை முத்திரை கொடுக்கிற அலுவலகம் அது. முத்திரை குத்திய மரத்துக்குச் சந்தையில் தனி மரியாதை. பதிலுக்குக் கம்பெனிக்காரர்கள் சில கட்டுப்பாடுகளுக்கு அடங்கி நடக்க வேண்டும். ஓடைக்கு முப்பது அடிக்குள் மரம் வெட்டக்கூடாது என்பது அதில் ஒன்று. அடங்கி நடக்கிறார்களா இல்லையா என்று அக்கம்பக்கத்து ஜனங்கள் எழுதும் கடிதமெல்லாம் நன்றியக்காவிடம்தான் வரும். கடிதத்தில் 'புகார்' என்ற சொல் இருந்தால் புகார்த் தட்டு. எண் போட்டு, தேதி குத்தி, ஆள் போய்ப் பார்த்து முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் இல்லையா, கருத்துத் தட்டு. அதற்கென்று அச்சடித்த பதில் ஒன்று இருந்தது: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. பதிவு செய்துகொண்டோம்." எங்கே பதிவு செய்தார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அலமாரியில்தான்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு கடிதம் தொலைந்ததில்லை, ஒரு நன்றி தாமதமானதில்லை. அவளுடைய பணிப் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒருநாள் காலைச் சாப்பாட்டில் அவள் புருஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "குறை சொல்றதா நினைக்காதே..." என்று இழுத்தார். பஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் அடிக்கிற மனுஷன், வீட்டில் மட்டும் பூனை.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. உப்பு கொஞ்சம் தூக்கலோன்னு..."

"கல்யாணம் ஆனதிலேர்ந்து இதே பாட்டுதான். குறை சொல்றவங்கதானே இப்படி ஆரம்பிப்பாங்க?"

சொன்ன வாய் மூடவில்லை, அவளுக்குச் சுருக்கென்றது. போன வாரம் ஒரு கடிதம் இப்படித்தான் ஆரம்பித்தது. போன மாசமும் ஒன்று வந்தது. அதற்கு முன்னாலும்.

அலுவலகம் போனதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் அலமாரியைத் திறந்தாள். மூன்றும் ஒரே கையெழுத்து. ஓடைத் தண்ணீரில் காய்கறி நாற்று வளர்த்து விற்கிற ஒரு அம்மா எழுதியது. மூன்றுமே "ஐயா, குறை சொல்றதா நினைக்காதீங்க" என்றுதான் தொடங்கின. முதல் கடிதத்தில், கரையோரம் மரம் வெட்டியதிலிருந்து தண்ணீர் சேறாக வருகிறது, நாற்று அழுகுகிறது. இரண்டாவதில், வெட்டு மேலே ஏறி ஊற்றுப் பக்கம் வந்துவிட்டது. மூன்றாவதில், ஊற்றைச் சுற்றி நிற்கும் ஐந்து பெரிய மரத்துக்கும் சிவப்புப் பூசிவிட்டார்கள், ஒன்றாம் தேதி வெட்டாம். "அதுவும் போயிட்டா ஊத்து நின்னுடும். அப்புறம் நாத்தும் இல்ல, நானும் இல்ல." மூன்றுக்கும் இவள் நன்றி அனுப்பியிருந்தாள். ஒன்றாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. கடிதத்தில் இருந்த எண்ணுக்கு உடனே போன் போட்டாள்.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை சேர்த்து எழுதிக் குடுங்க. 'புகார்'னு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

"ஐயோ, அது மட்டும் வேணாம்மா. கம்பெனி மேல புகார்னா என் பேரை அவங்களுக்குக் காட்டுவீங்கதானே?"

"காட்டித்தான் ஆகணும்."

"என் மாப்பிள்ளை அவங்க லாரிதான் ஓட்டறார். என் பொண்ணு வாழ்க்கையில நானே மண்ணை அள்ளிப் போடவா?"

போனை வைத்துவிட்டு விதிப்புத்தகத்தை எடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் கடைசிப் பக்கம் வரை படித்தது அன்றைக்குத்தான். அங்கே ஒரு விதி இருந்தது. அலுவலகத்து ஆள் மேலேயே புகார் வந்தால், வெளியாட்கள் மூன்று பேர் விசாரிக்க வேண்டும். பழைய கடிதங்களையும் கிளறி, இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை அங்கே வெட்டு நிற்க வேண்டும். புகார் கொடுத்தவர் பெயர் கம்பெனிக்குப் போகாது.

மறுபடி போன். "அப்போ என் மேல புகார் குடுங்கம்மா."

"உங்க மேலயா? இத்தனை பேர்ல எனக்கு மூணு தடவை நன்றி சொன்ன ஒரே ஆள் நீங்கதானே."

"அதுதாம்மா புகார்."

"எழுதறேன். மனசே வரல, ஆனா எழுதறேன்" என்றது குரல்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. தன் பெயர் இருந்த கடிதத்துக்குத் தானே எண் போட்டு, தேதி குத்தி, மேலாளரிடம் கொண்டுபோய் வைத்தாள். மேலாளர் கெட்டவர் இல்லை. வம்பு என்றால் காத தூரம் ஓடுகிறவர், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்மா வலியப் போய் மாட்டிக்கிறீங்க? ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தான். மூச்சு விடாம இருந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார்."

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வெட்டை நிறுத்தச் சொல்லி உத்தரவு போனது. மூன்று பேர் போய் நாடா பிடித்து அளந்தார்கள். முப்பது அடி இருக்க வேண்டிய இடத்தில் பத்தடியில் வெட்டியிருந்தார்கள். அந்தப் பகுதிக்கு முத்திரை பறிபோனது, ஐந்து மரமும் தப்பின. நன்றியக்காவுக்கும் ஒரு தாள் வந்தது: "கடமையில் கவனக்குறைவு. வன்மையாகக் கண்டிக்கப்படுகிறது." நியாயம்தான் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பத்து நிமிஷம் அழுதாள்.

விசாரணை முடிவோடு, புகார் கொடுத்தவர் திருப்தியா என்று கேட்டு ஒரு படிவம் அனுப்புவது வழக்கம். அது திரும்பி வந்தபோது, கட்டங்களையெல்லாம் விட்டுவிட்டு அடியில் எழுதியிருந்தது:

"தண்ணி தெளிஞ்சிடுச்சு. குறை சொல்றதா நினைக்காதீங்க. அந்த அம்மாவைத் திட்டினீங்களாமே. அது சரியில்லீங்க."

நன்றியக்கா இரண்டு தரம் படித்தாள். புகார் என்ற சொல் எங்கேயும் இல்லை. கை பழக்கத்தில் கருத்துத் தட்டுப் பக்கம் போயிற்று. பாதியில் நின்றது. எண் போட்டாள், தேதி குத்தினாள், எழுந்துபோய் மேலாளர் மேசையில் வைத்தாள்.

"இது என்னம்மா?"

"புகார் சார். முப்பது நாள்ல பதில் சொல்லணும்."