செல்லியம்மாவின் கொட்டகையும் உண்ணிக் காய்ச்சலும்

2012 மே 19ஆம் தேதி, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊரில் செல்லியம்மாவின் கலப்பினப் பசு இறந்த அன்று, கால்நடை மருத்துவமனை அலுவலர் ஒருவர் எழுதாத தாளில் என்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். பிறகு அதில் 'வடதெப்ப' என்று தெலுங்கில் நிரப்பினார். வெயில் தாக்கி இறந்தது என்று பொருள். பள்ளிப் பாடநூல் வாங்கித் தெலுங்கு எழுத்துக் கற்று இதைப் படிக்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அது பொய் என்பதே என் குற்றச்சாட்டு. நகல் என்னிடம் உள்ளது.

செல்லியம்மா பால் கறப்பதற்கு முன் உண்ணி பார்ப்பார். காதின் உட்புறம், வாலடி, மடியின் இடுக்கு என்று விரல்கள் தேடிக்கொண்டிருக்க, கண்கள் தெருவில் இருக்கும். கிள்ளியதை நசுக்காமல் சுவரோரம் வீசுவார். "நசுக்கினா கை நாறும்ணா. அப்பறம் பாலு நாறும்." புதுப் பசுக்களோடு தெலுங்கில்தான் பேசுவார். வெதுருகுப்பத்தில் வாங்கி வந்த மாட்டுக்குத் தமிழ் புரியாதாம்.

மகள் பத்மினி சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு வாங்கிய இரண்டு கலப்பினப் பசுக்கள் அவை. புது மாட்டைப் பழைய மாட்டின் பக்கத்தில் கட்டுவது எங்கள் வழக்கம். "புதுசு மெரளும். கெயவி பக்கத்துல நின்னா தகிரியமா துன்னும்" என்று, தம் கிழட்டு நாட்டு மாட்டை நடுவில் கட்டினார்.

நான் படித்தறிந்தது இது. உண்ணி கடிக்கும்போது மாட்டின் ரத்தத்துக்குள் ஓர் ஒட்டுண்ணி இறங்குகிறது. பழகிய நாட்டு மாடு அதைச் சுமந்துகொண்டே மேய்கிறது. ரத்தம் குடித்துப் பருத்த உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நோய் அந்த முட்டைக்குள்ளும் போகிறது. பொரிந்து வரும் குஞ்சு பக்கத்து மாட்டில் ஏறுகிறது. இறந்த பசுவின் சிறுநீர் சாவதற்கு முன் மூன்று நாள் கடுங்காப்பி நிறத்தில் போனது; இந்த நோயின் அடையாளம் அது.

இதைச் சொன்னபோது செல்லியம்மா சிரித்தார். "கெயவி மேல பழி போடறியா? பதினோரு வர்சமா கீது, ஒரு தும்மல் இல்ல."

"அதுக்கு வராது, செல்லியம்மா. அதுகிட்ட இருந்து வரும்."

"ஆஸ்பத்திரிக்காரரே வெயிலுன்னு எய்திட்டாரு. நீ இன்னா, அவருக்கு மேல டாக்டரா?"

மிஞ்சிய பசு ஏழு மாதச் சினை. அதே கொட்டகை, அதே சுவர். அதன் ரத்தத்தைப் பரிசோதிக்கக் கோரி மூன்று மனுக்கள் கொடுத்தேன். ஒப்புகைச் சீட்டுகள் உள்ளன. முதல் பசு வெயிலால் இறந்ததாகப் பதிவாகிவிட்டதால் பரிசோதனை தேவையில்லை என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இன்று காலை இந்த நான்காவது மனுவை எழுதிக்கொண்டிருந்தபோது செல்லியம்மா வந்து நின்றார்.

"சென மாட்டுக்கு மூத்திரம் செவந்துகினு போவுதுண்ணா. கெயவிய தோப்பாண்ட கட்டிட்டேன்."

பிறகு மூடியிருந்த கையை விரித்து, ஆமணக்கு விதை போல் பருத்த ஓர் உண்ணியை என் மனுவின்மேல் வைத்தார். "இதயும் சேத்து அனுப்புண்ணா."

உறையிலிட்டு இணைத்துள்ளேன். ரத்தம் எடுக்க இன்றே வர இயலுமா, இயலாதா என்பதற்கு எழுத்து மூலமான பதில் வேண்டும்.