வெள்ளங்குடி

என் தங்கை விமலகுமாரியை உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் எலியாவின் இளைய மகன் ராஜப்பனுக்குக் கட்டிக்கொடுத்தோம். ராஜப்பன் இப்போது இல்லை. அவனுடைய அண்ணன் நேசையன் அடுத்த வீட்டில் இருக்கிறார். பாகம் பிரித்தபோது கிணறு மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நின்றது.

விமலகுமாரியின் மூத்தவள் ஜீனா, உகாண்டாவின் வடக்கே ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை கண்ட இரண்டு கர்ப்பிணிகள் அவள் கையிலேயே போனார்கள். குடிக்கிற ஊற்றுக்குப் பக்கத்தில் கக்கூஸ் குழிகள்; அதிலிருந்து வந்த நோய். அக்கெல்லோ என்ற அவ்வூர் மருத்துவச்சியும் இவளும் வீடு வீடாக ஏறியிறங்கி, குழிகளைத் தூரத்தில் வெட்டவைத்தார்கள்.

சென்ற ஆண்டு, தன் தங்கை பின்சிக்குப் பேறுகாலம் நெருங்கியபோது ஜீனா லீவில் வந்தாள். வந்ததும் கண்ணில் பட்டது, கிணற்றை ஒட்டிப் பெரியப்பா நேசையன் வெட்டிய புதுக் கக்கூஸ் குழி. சோதிக்கக் கொடுத்த தண்ணீரும் கெட்டது என்றே வந்தது. குடிப்பதைக் காய்ச்சலாம், பழங்கஞ்சிக்கும் பாத்திரம் கழுவவும் காய்ச்சாத தண்ணீர், எங்கள் பேச்சில் பச்சை வெள்ளம்தானே? பேறு கழியாமல் மகளைத் தாய்வீட்டை விட்டு அனுப்ப விமலகுமாரியும் சம்மதிக்கவில்லை.

ஜீனா நேசையனிடம் பேசப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் கிணற்று வெள்ளம் கோரி கிளாசில் நீட்டினார். இவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் வெள்ளம் வேண்டாம் என்றால் அந்த உறவே வேண்டாம் என்று பொருள். வெள்ளங்குடி நின்றுபோனவர்கள் சாவுக்குக்கூடப் போகமாட்டார்கள்.

“எட்டி, எங்க வீட்டு வெள்ளம் கைக்குதோ?”

“குழி கிணத்த ஒட்டியாக்கும் இருக்கு பெரியப்பா. பின்சிக்கு ஒண்ணு வந்தா ரெண்டு உயிரு.”

“ஒனக்க அப்பன் இதக் குடிச்சுதான் வளந்தான். இவ ஆப்பிரிக்கால போயி கக்கூஸ் குழிக்கு டாக்டராயிட்டு வந்திருக்கா!”

“அங்க உள்ளவிய சொன்னா கேக்கும். ஒங்களுக்குத்தான் ரோஷம்.”

“வெள்ளம் குடிக்காதவளுக்க பேச்ச நான் எதுக்குட்டி கேக்கணும்?”

ஜீனா பாட்டிலைக் கீழே வைத்தாள். “தாருங்க.”

“மக்கா, வேண்டாம்” என்றேன். அதற்குள் குடித்து முடித்துவிட்டாள்.

“இனி கேப்பியளா?”

அந்த வாரமே நேசையன் ஆளை விட்டு அந்தக் குழியை வாரி மூடினார். கீழ்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் புதிதாக வெட்டினார். கிணற்றை இறைத்து மருந்து போட்டார்கள். பின்சிக்குப் பெண் பிள்ளை பிறந்தது; இருவரும் சுகம்.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் ஜீனாவுக்குக் காய்ச்சல், வாந்தி. பிறகு கண் மஞ்சளித்தது; தொற்றும் என்று பிள்ளையிடமிருந்து விலகிப் படுத்தாள். திரும்பிப் போக வேண்டிய விமானம் போய்விட்டது. அங்கே அக்கெல்லோ ஒற்றைக்கு நின்று பேறு பார்த்தாள். எப்போது வருவாய் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நேசையன் இளநீரோடு வருவார். உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பார். ஒருநாள் கேட்டார்:

“அந்த வெள்ளந்தானா மக்கா?”

“தெரியாது பெரியப்பா. பல்லு தேச்சதும் குளிச்சதும் அதுலதானே.”

“நீ வெளிய போய்த் துப்பியிருக்கலாமே.”

“துப்பியிருந்தா குழிய மாத்தியிருப்பியளா?”

அவர் இளநீரை வாசற்படியில் வைத்தார். உள்ளறையில் பிள்ளை அழுதது. தூக்கப் போக எழுந்த ஜீனா பாதியில் நின்றாள். கையைப் பார்த்தாள். மறுபடியும் படுத்துக்கொண்டாள்.