கம்ப்யூட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பெரிய ஆபீஸ் மேசை அளவு; மேலே ஒரு டைப்ரைட்டர், பக்கத்தில் துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் பெட்டி. வெளிநாட்டில் பல வருஷம் உழைத்துத் தேய்ந்த பிறகு எங்களிடம் வந்த மெஷின். அதை இயக்குவது என் பொறுப்பு. கம்பெனி செலவில் பம்பாயில் மூன்று மாதம் பயிற்சி பெற்றவன் என்ற கர்வமும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

காலையில் அதை எழுப்ப ஒரே ஓர் அட்டை போதும். ஸ்டார்ட் கார்டு என்போம். அதைப் பெட்டியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால், துளைகள் வழியாக வெளிச்சம் விழும். எங்கெங்கே வெளிச்சம் விழுகிறது என்பதைக் கொண்டு, எப்படித் தொடங்குவது என்று மெஷின் தெரிந்துகொள்ளும். உபரியாக வைத்திருந்த அதன் பிரதி ஒரு மாதம் முன்புதான் உள்ளே சிக்கிக் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று எடுத்து வைக்காதது என் சோம்பல்.

ஆயுத பூஜை வந்தது. லேத், டிரில்லிங் மெஷின், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கு நானே வைத்தேன். அதை எழுப்புகிற அட்டையை மட்டும் விட்டுவிடலாமா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அட்டையின் நடுவில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். மறுநாள் விடுமுறை.

அதற்கடுத்த நாள் காலை எட்டரைக்கு அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைத்தேன். பொத்தானை அழுத்தினேன். அட்டை போனது, வந்தது. மெஷின் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குப் பார்த்தா! நூற்றெண்பது பெட்டிகள் ஹார்பரில் காத்திருந்தன. எந்தப் பெட்டியில் எந்தச் சாமான் என்ற பட்டியல் நாலு மணி லாரியில் போயாக வேண்டும். பட்டியல் இல்லாமல் பெட்டிகள் கப்பல் ஏறாது, கப்பலும் நிற்காது. முன்பெல்லாம் டைப்பிஸ்டுகள் நாலு பேர் மூன்று நாள் உட்கார்ந்து அடித்த வேலை அது. "அவர்கள் எதற்கு சார், மெஷின் ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடும்" என்று மேனேஜரிடம் சொல்லி நிறுத்தியவனும் நான்தான்.

முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். காசிமேட்டுக்காரர்.

"இன்னா சார், லீவு வுட்டதும் இதுக்கும் சோம்பேறித்தனம் வந்துச்சா?" என்றபடி மீட்டரை வைத்துப் பார்த்தார். "கரண்டு சோக்காக் கீது. உன் பொட்டிக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

ஃபியூஸ்களைக் கழற்றிப் பார்த்தேன். சரி. காற்றாடிகள் சுற்றின. கடல் காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். ஸ்பிரிட்டில் பஞ்சு தோய்த்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மறுபடி அதே அட்டை, மறுபடி கண்ணில் ஒற்றல், மறுபடி ஏமாற்றம்.

பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். "பூஜை ஒழுங்காப் பண்ணீங்களாய்யா?"

"பண்ணினேன் சார்."

"அப்புறம் ஏன்?"

"திருஷ்டி சார்," என்றார் எலெக்ட்ரீஷியன். "தெருவே வந்து வேடிக்க பாத்துட்டுப் போச்சு. கண்ணு படாம இன்னா பண்ணும்?" அவரே ஓர் எலுமிச்சம்பழத்தை வாங்கி வந்து நறுக்கி, குங்குமம் தடவி வாசலில் வைத்தார். மேனேஜர் தன் பங்குக்கு, அட்டையில் பழைய பொட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வைத்தார். நான் மறுக்கவில்லை. அதை ஃபேனுக்கு நேரே பிடித்துக் காயவைத்து, பயபக்தியோடு உள்ளே விட்டேன். மெஷின் முன்பு போலவே கிடந்தது.

பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டோம். மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

மணி ஒன்றரை. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குச் சோறு இறங்காது என்று தெரிந்ததால் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அட்டைகளில் துளையிடும் வேலை பார்க்கும் பெண்மணியும் போகவில்லை. ராயபுரத்துக்காரர். காலையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்துகொள்வதுமாக இருந்தவர், அப்போது எழுந்து வந்தார்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"பொட்டு வச்ச எடத்துல ஓட்டை இருக்கு சார்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் அட்டையை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மற்ற துளைகளிலெல்லாம் வெளிச்சம் தெரிந்தது. நடுவில் மட்டும் இல்லை. சந்தனம் துளைகளுக்குள் இறங்கி சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலைல நீங்க மொத தபா கண்ணுல ஒத்திக்கினப்பவே."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்க சாமி கும்புட்டு வச்சது. நான் மாதா கோயிலுக்குப் போறவ. உங்க பொட்டாலதான் கெட்டுச்சுன்னு நான் போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்? அதுக்குள்ள மேனேஜர் வேற ரெண்டாவது..." முடிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஐந்து மணி நேரத்தில் முதல் முறையாக நானும் சிரித்தேன்.

புடவையில் குத்தியிருந்த பின்னை எடுத்து, ஒவ்வொரு துளையிலும் இருந்த சந்தனத்தைப் பொடிப்பொடியாகக் குத்தித் தள்ளினார். ஈரத்துணியோடு துடைக்கப் போன என் கையை, ஈரம் பட்டால் அட்டை உப்பிவிடும் என்று தட்டிவிட்டார். பிறகு தன் துளையிடும் மெஷினில் அதை வைத்து, புதிய அட்டையில் அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்தார்.

இந்த முறை கண்ணில் ஒற்றவில்லை. நேராக உள்ளே வைத்து அழுத்தினேன். மெஷினின் சின்ன விளக்குகள் மாறி மாறி எரிந்தன. டைப்ரைட்டர் தடதடவென்று தானாக அடிக்கத் தொடங்கியது.

சத்தம் கேட்டு ஓடி வந்த எலெக்ட்ரீஷியன், "பாத்தியா சார், எலுமிச்சம்பயம் வேலையக் காட்டிடுச்சு!" என்றார். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்துக்கே புகழ் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டோம்.

மேனேஜரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "அந்தம்மாவுக்கு என் தேங்க்ஸ் சொல்லுங்க. ரெண்டாவது பொட்டைப் பத்தி வெளியில பேச வேண்டாம்," என்றார். லாரி நாலு பத்துக்குப் புறப்பட்டது. பெட்டிகள் அத்தனையும் கப்பலேறின.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தப் பெண்மணி, துளையே இல்லாத வெற்று அட்டை ஒன்றை என்னிடம் நீட்டினார். "இதுக்கு எத்தினி பொட்டு வேணா வைங்க சார்."

பம்பாயில் எனக்கு மெஷினைப் பற்றி எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பத்தடி தூரத்தில் பதிலோடு ஒருவர் உட்கார்ந்திருந்தும், அன்று காலை முழுவதும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் தயங்கியதில் தப்பில்லை. தயங்காமல் பேசலாம் என்ற எண்ணத்தை நான்தான் அவருக்குத் தரவில்லை. இப்போதும் எங்கேயாவது ஒரு காரியம் நகராமல் நின்றால், சத்தமாக யோசனை சொல்பவர்களை விட்டுவிட்டு, ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டவர் யார் என்றுதான் முதலில் தேடுகிறேன்.